பலகையில் டேபர், பத்திரத்தில் யார்?

கொலராடோ மாநிலத்தின் லெட்வில் நகரில், ஹாரிசன் அவென்யூ 308ஆம் எண்ணில் மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. பலகையில் இருப்பது டேபர் ஓபெரா ஹவுஸ் என்ற பெயர். பார்த்தவர்கள் எல்லோரும் டேபர் கதையைத்தான் சொல்வார்கள். வெள்ளியில் கொழித்தார், மனைவியை விட்டு இளம்பெண்ணை மணந்தார், எல்லாவற்றையும் இழந்து செத்தார் என்று கதை ஓடும். கதை பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டடம் அவர் கையில் இருந்தது 1879 முதல் 1893 வரை, பதினான்கு ஆண்டு. அதன் பிறகு வெஸ்டன் என்ற நீதிபதியிடம் எட்டு ஆண்டு, எல்க்ஸ் என்ற சங்கத்திடம் ஐம்பத்து நான்கு ஆண்டு, ஒரு குடும்பத்திடம் அறுபத்தோரு ஆண்டு. 2016இலிருந்து நகராட்சியிடம். கட்டியவரின் பங்கு மொத்தத்தில் பத்தில் ஒன்றுகூட இல்லை. பெயர் மட்டும் முழுசாக அவருக்கே போயிருக்கிறது. இதில் ஏதோ ஒன்று உறுத்துகிறது.

இது நன்றிகெட்ட உலகம் என்று புலம்புவதற்கான விஷயம் இல்லை. கட்டடத்தின் சொத்து வரலாற்றை எப்படிப் படிக்கிறோம் என்பதில் இருக்கிற கோளாறு. கட்டியவர், விற்றவர், வாங்கியவர் என்று பெயர்களை வரிசையாக அடுக்கினால் அது வெறும் தாய்ப்பத்திரப் பட்டியல். கூரை ஒழுகியபோது யார் பணம் போட்டார், எந்த வாடகையிலிருந்து போட்டார் என்று கேட்டால்தான் வரலாறு வெளியே வரும். மேற்கு அமெரிக்காவின் சுரங்க நகரங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு முறை இருக்கிறது. அந்த முறையில் வழக்கமாகச் சறுக்கும் இடங்களும் இருக்கின்றன. டேபர் கட்டடம் இரண்டுக்குமே நல்ல பாடம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது ‘லீட்வில்’ இல்லை, லெட்வில். ஈயத்தின் பெயரில் வந்த ஊர். அங்கே வெள்ளி கிடைத்ததே ஈயக் கனிமத்தோடு கலந்துதான்.

நாடகம் நடுமாடியில், வாடகை கீழே

1878இல் ஹொரேஸ் டேபர் ஒரு மளிகைக் கடைக்காரர், ஊரின் போஸ்ட்மாஸ்டர், முதல் மேயர். கையில் காசில்லாத இரண்டு சுரங்கக்காரர்களுக்குக் கடையிலிருந்து சாமான் கொடுத்து, கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டார். அவர்கள் தோண்டிய இடம்தான் லிட்டில் பிட்ஸ்பர்க் சுரங்கம். அடுத்த ஆண்டே கோடீஸ்வரர். 1880 மக்கள்தொகைக் கணக்கில் லெட்வில்லில் 14,820 பேர். இன்று 2,600 சொச்சம்.

ஓபெரா ஹவுஸை ஏறக்குறைய நூறு நாளில் கட்டி முடித்து 1879 நவம்பர் 20 அன்று திறந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேலே, ரயில் இன்னும் வந்து சேராத ஊரில், பனி விழுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. ‘ஓபெரா ஹவுஸ்’ என்ற சொல் இங்கே ஏமாற்றும். தெருவைப் பார்த்த கீழ்த்தளத்தில் துணிக்கடை போன்ற கடைகள், அதற்கு மேலே அரங்கம், மூன்றாம் மாடியில் அறைகள். அங்கிருந்து பக்கத்துக் கிளாரெண்டன் ஹோட்டலுக்கு ஒரு நடைபாலம். சுருக்கமாகச் சொன்னால், நடுவில் ஒரு நாடக அரங்கைச் செருகிய வணிகக் கட்டடம். அந்தக் கால மேற்கு நகரங்களில் பெரும்பாலான ‘ஓபெரா ஹவுஸ்’களின் கணக்கு இதுதான். நாடகம் கௌரவத்துக்கு, கடை வாடகை பிழைப்புக்கு. ஆஸ்கர் வைல்ட் 1882 ஏப்ரல் 13 அன்று அந்த மேடையில் அழகியல் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அது ஒரு மாலைப்பொழுது. கீழே கடைக்காரர்கள் மாதம் தவறாமல் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நடைபாலத்தை வைத்தே பலர் தடுமாறுகிறார்கள். மேல்மாடி ஹோட்டலின் பயன்பாட்டில் இருந்ததைப் பார்த்து, ஹோட்டல்காரர்தான் கட்டட உரிமையாளர் என்று எழுதிவிடுவார்கள். டேபரின் கூட்டாளி வில்லியம் புஷ் அந்த ஹோட்டலோடும் அரங்க நிர்வாகத்தோடும் சம்பந்தப்பட்டவர் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். செய்தித்தாளில் ஒருவர் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கும் அவர் பெயரில் பத்திரம் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அரங்க மேலாளர், குத்தகைதாரர், உரிமையாளர் மூவரும் மூன்று ஆட்கள். பத்திரிகைக்கு அந்த வேறுபாடு முக்கியமில்லை, பத்திரப்பதிவுக்கு அதுதான் எல்லாம்.

இண்டெக்ஸில் பின்னோக்கி நடப்பது

முறை சொல்வதற்கு எளிது. தெரு எண்ணை நம்பக்கூடாது, அது காலப்போக்கில் மாறக்கூடியது. முதலில் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் அந்த நிலத்தின் லாட், பிளாக், மனைப்பிரிவின் பெயர் ஆகியவற்றை எடுக்க வேண்டும். இங்கே சர்வே எண் எப்படியோ அங்கே அது அப்படி. கடைசியாகப் பதிவான பத்திரத்தின் எண்ணும் அங்கேயே கிடைக்கும். அடுத்து ‘கிளார்க் அண்ட் ரெக்கார்டர்’ அலுவலகம். அங்கே இரண்டு இண்டெக்ஸ்கள் உண்டு, விற்றவர் பெயர் வரிசையில் ஒன்று, வாங்கியவர் பெயர் வரிசையில் ஒன்று. இன்றைய உரிமையாளரை வாங்கியவர் இண்டெக்ஸில் தேடினால் அவருக்கு விற்றவர் கிடைப்பார். அந்த விற்றவரை மறுபடி வாங்கியவர் இண்டெக்ஸில் தேட வேண்டும். இப்படியே பின்னோக்கிப் போய் மூலப்பத்திரம் வரை இறங்கலாம். பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இப்போது திரும்பி, ஒவ்வொரு உரிமையாளரையும் அவர் வாங்கிய நாளிலிருந்து விற்ற நாள் வரை விற்றவர் இண்டெக்ஸில் முன்னோக்கித் தேட வேண்டும். அடமானம், வரி பாக்கி, கொத்தனார் போட்ட பாத்தியதை, வழக்கு நோட்டீஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான் விழும். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது நடைதான்.

இதில் கைப்பிழைகள் தனி உலகம். அந்தக் காலத்தில் எழுத்தர் ஒவ்வொரு பத்திரத்தையும் பெரிய புத்தகத்தில் கையால் பிரதி எடுத்தார். டேபர் பெயரில் ஓ எழுத்துக்குப் பதில் ஈ எழுதிய பதிவுகளையும் சேர்த்துத் தேட வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஆங்கில அகரவரிசையில் ஒன்று கண்ணில் படும், மற்றது தப்பிவிடும். கூட்டாளிகள் சேர்ந்து வாங்கியிருந்தால் முதல் பெயரில் மட்டும் இண்டெக்ஸ் போட்டு, மற்றவர்களை ‘முதலானோர்’ என்று முடித்திருப்பார்கள். மனைவி பெயரிலும் தேட வேண்டும். டேபர் விஷயத்தில் இது விளையாட்டில்லை. முதல் மனைவி அகஸ்டாவிடமிருந்து அவர் சட்டப்படி விவாகரத்துப் பெற்றது 1883 ஜனவரியில். ஆனால் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே செயிண்ட் லூயிஸில் அந்த இளம்பெண்ணை, பேபி டோவை, ரகசியமாக மணந்திருந்தார். அந்த இடைவெளியில் அவர் ‘மனைவியோடு சேர்ந்து’ கையெழுத்திட்டதாக ஒரு பத்திரம் வந்தால், எந்த மனைவி என்று வக்கீல் கேட்காமல் விடமாட்டார்.

லெட்வில்லுக்கே உரிய சிக்கல் ஒன்று, கவுண்டியே நகர்ந்துவிட்டது. 1879 பிப்ரவரியில் லேக் கவுண்டிக்குக் கார்பனேட் கவுண்டி என்று பெயர் மாற்றினார்கள். இரண்டே நாளில் வடபகுதியைப் பிரித்து மறுபடி லேக் என்றும், தென்பகுதியைச் சாஃபி என்றும் ஆக்கினார்கள். ஓபெரா ஹவுஸ் திறந்தது அதே ஆண்டு நவம்பரில். எனவே கட்டடத்தின் பத்திரங்கள் புதிய லேக் கவுண்டியில் தொடங்கும், அந்த மண்ணின் முந்தைய காகிதங்களை இரண்டு கவுண்டிகளிலும் தேட வேண்டியிருக்கும். ஒரு கவுண்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது.

இன்னொன்று நிலத்துக்கு அடியில். 1867இன் நகர்மனைச் சட்டப்படி பொதுநிலத்தில் ஊர் அமைந்து மனைகளுக்கு உரிமை வழங்கப்பட்டாலும், அந்த உரிமை பொன் வெள்ளிச் சுரங்கத்துக்கோ செல்லுபடியாகும் சுரங்க உரிமைக்கோ பொருந்தாது. மேலே கடை ஒருவருக்கு, கீழே தாது இன்னொருவருக்கு என்பது அங்கே சாதாரணம். சுரங்க நகரப் பத்திரங்களில் கனிம உரிமையை ஒதுக்கிவைத்து எழுதிய ஒரு வாக்கியம் மூலையில் இருக்கும். அதைத் தாண்டிப் படித்துவிட்டு ‘முழு உரிமையும் கைமாறியது’ என்று எழுதுவதுதான் நடக்கிற தவறு.

1893

அமெரிக்க அரசு 1890 சட்டப்படி மாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. 1893 நவம்பரில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். விலை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. டேபரின் சொத்து முழுவதும் ஒன்றின்மேல் ஒன்று கடனாக ஏறியிருந்தது. லெட்வில் ஓபெரா ஹவுஸ் நீதிபதி வெஸ்டன் கைக்குப் போனது. பலகையும் மாறியது, வெஸ்டன் ஓபெரா ஹவுஸ்.

அந்தக் காலப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் ஒரு காகிதத்தில் ஏமாறுவது வழக்கம். கொலராடோவில் அடமானத்தை ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ என்ற பெயரில் எழுதுவார்கள். சொத்தை ஒரு மூன்றாம் நபர் பெயருக்கு மாற்றி, கடன் அடைந்தால் திருப்பித் தரவும் அடையாவிட்டால் ஏலம் விடவும் அதிகாரம் தரும் பத்திரம் அது. தலைப்பில் ‘டீட்’ என்று இருக்கிறது, உள்ளே ‘விற்று மாற்றிக்கொடுக்கிறேன்’ என்ற சொற்களும் இருக்கின்றன. அவசரத்தில் படிப்பவர் கிரயம் என்றே நினைப்பார். இல்லாத ஒரு உரிமையாளர் வரிசையில் நுழைந்துவிடுவார். சோதிப்பது எளிது. சில ஆண்டு கழித்து அதே ஆட்கள் பெயரில் ஒரு ‘ரிலீஸ்’ பதிவாகியிருந்தால் அது அடைந்த கடன். ரிலீஸ் இல்லாமல் ஏலச் சான்றும், மாதக்கணக்கு கழித்து ஒரு டீடும் வந்திருந்தால் கடன் மூழ்கிவிட்டது. இந்த மாதக்கணக்குதான் மீட்பு அவகாசம், ஏலம் போன சொத்தைப் பணம் கட்டித் திரும்பப் பெறத் தரும் காலம். அதனால்தான் ஒரே கைமாற்றத்துக்கு ஒரு நூலில் ஒரு ஆண்டும் இன்னொரு நூலில் அடுத்த ஆண்டும் போட்டிருக்கும். இரண்டும் தவறில்லாமல் இருக்கலாம்.

அந்த மூன்றாம் நபராக ஆரம்பத்தில் இருந்தவர்கள் தனியார், பெரும்பாலும் கடன்கொடுத்தவருக்கு வேண்டியவர்கள். வெள்ளி வீழ்ச்சியில் சொத்துகள் கொத்துக்கொத்தாக ஏலம் போனபோது அந்த ஏற்பாட்டின் அசிங்கம் தெரிந்தது. 1894இல் கொலராடோ அந்த வேலையை அரசு அலுவலர் ஒருவரிடம் கொடுத்தது, ‘பப்ளிக் டிரஸ்டி’. இன்றும் அந்த மாநிலத்தில் இருக்கும் பதவி. ஆகவே 1894க்கு முந்தைய காகிதங்களில் டிரஸ்டி என்று வருகிற ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், கடன்கொடுத்தவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்று பார்ப்பது நல்லது.

எல்க்ஸ்: யாரும் பேசாத ஐம்பத்து நான்கு ஆண்டு

1901இல் எல்க்ஸ் சங்கத்தின் உள்ளூர்க் கிளை கட்டடத்தை வாங்கியது. பலகை இரண்டாவது முறையாக மாறியது. இந்தக் காலம் எந்தச் சுற்றுலா உரையிலும் இரண்டு வரிக்கு மேல் வராது. காதலும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை, கூட்டம் கூடிக் கணக்குப் பார்க்கிற சங்கம். ஆனால் இன்று நாம் பார்க்கிற மேடை பெருமளவு அவர்களுடையது. 1902இல் அவர்கள் மேடையைப் பெரிதாக்கிக் கூரையை உயர்த்தினார்கள். டேபர் காலத்தில் காட்சித் தட்டிகளைத் தடங்களில் பக்கவாட்டில் தள்ளி மாற்றுவார்கள். புதிய மேடையில் திரைகளைக் கயிற்றில் நேராக மேலே தூக்கிவிடலாம், அதற்கேற்ற உயரம் வந்துவிட்டது. பழைய தட்டிகள் பயனற்றுப் போய் அரங்கத்துக்கு மேலே பரணில் ஏறின.

அமெரிக்கச் சிறுநகரங்களில் ஒரு வணிகக் கட்டடம் தப்பியிருந்தால், நடுவில் எங்காவது எல்க்ஸ் போன்ற ஒரு சகோதரச் சங்கம் இருக்கிறதா என்று பார்க்கலாம், பெரும்பாலும் இருக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. கீழ்க்கடை வாடகையை வைத்து மேலே மண்டபத்தைப் பராமரிப்பார்கள். லாபம் பங்கு பிரிப்பதில்லை, எனவே வந்த பணம் கூரைக்கும் கொதிகலனுக்கும் போகும். உரிமையாளர் செத்துப் பிள்ளைகள் பாகம் பிரிக்கிற தொல்லை இல்லை. பத்தாயிரம் அடி உயரத்தில் பனிப்பாரம் தாங்கும் கூரைக்கும், ஈரம் உறைந்து உருகிப் பொரிகிற செங்கலுக்கும் இப்படிப்பட்ட மந்தமான உரிமையாளர்தான் தேவை. மந்தத்திலும் ஆபத்து உண்டு. பழைய மென்செங்கல் சுவரின் இணைப்புகளில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்தை எடுத்துவிட்டுக் கடினமான சிமெண்டை அடைத்தால், ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கலுக்குள் உறைந்து முகத்தைப் பெயர்த்துவிடும். நல்லெண்ணத்தோடு பராமரிக்கிற சங்கமும் இதைச் செய்துவிடக் கூடும்.

சங்கத்தை இண்டெக்ஸில் தேடுவது தனித் தலைவலி. முழுப்பெயரில், சுருக்கெழுத்தில், லெட்வில் லாட்ஜ் என்று, அல்லது அப்போதைய அறங்காவலர்களின் சொந்தப் பெயரில் என்று நான்கு இடத்தில் இருக்கலாம். அறங்காவலர்கள் மாறும்போது பதிவான காகிதத்தைப் புதிய விற்பனை என்று எண்ணிவிடக் கூடாது.

கட்டடத்தில் எப்போது என்ன மாறியது என்பதைப் பத்திரம் சொல்லாது, தீக்காப்பீட்டு வரைபடம் சொல்லும். ஸான்பார்ன் நிறுவனம் ஒரு அங்குலத்துக்கு ஐம்பது அடி என்ற அளவில் வரைந்தது. செங்கல் இளஞ்சிவப்பு, மரம் மஞ்சள், கல் நீலம், உலோகம் சாம்பல். மாடி எண்ணிக்கை, தீத்தடுப்புச் சுவர், கீழே கடையா மதுக்கடையா எல்லாம் குறித்திருக்கும். 1902க்கு முன்னும் பின்னும் வந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பழைய தாளின்மேல் திருத்தத் துண்டுகளை ஒட்டிவிடுவார்கள். எனவே தலைப்பில் இருக்கும் ஆண்டு அந்தத் துண்டின் ஆண்டாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

1955

எல்க்ஸ் விற்க முடிவு செய்தபோது இடித்துவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. ஊர் அப்போது வெள்ளியை மறந்து கிளைமாக்ஸ் சுரங்கத்தின் மாலிப்டினம் என்ற உலோகத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. நாடகக் குழுக்கள் வரும் காலம் முடிந்து வெகுநாளாயிற்று. வாங்கியவர் ஃப்ளாரன்ஸ் ஹோலிஸ்டர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்குப் பின் மகள் எவலின் ஃபர்மன் நடத்தினார், டேபர் குடும்பத்தைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார்.

வரலாறு திரும்பிய இடம் எது என்று கேட்டால் 1879ஐவிட இந்த ஆண்டைத்தான் சொல்ல வேண்டும். இடிபடாமல் தப்பியது ஒரு காரணம், பெயர் திரும்பி வந்தது இன்னொன்று. அரைநூற்றாண்டுக்கு மேலாக எல்க்ஸ் ஓபெரா ஹவுஸாக இருந்த கட்டடம் மறுபடி டேபர் ஓபெரா ஹவுஸ் ஆனது, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் இடமானது. சங்கத்தின் பெயரைப் பார்த்து யாரும் நுழைவுச்சீட்டு வாங்கப் போவதில்லை. டேபர் பெயருக்கு வாங்குவார்கள். அறுபத்திரண்டு ஆண்டு முன் சொத்தை இழந்தவரின் பெயர், கீழ்க்கடை வாடகை செய்த வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகை பொய் சொல்கிறது என்ற ஆரம்ப எரிச்சலை இந்த இடத்தில் கொஞ்சம் கீழே இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொய்தான் கூரையைத் தாங்கியது.

விலை தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தக் காலப் பத்திரங்களில் ‘பத்து டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலனும்’ என்று எழுதி விலையை மறைப்பார்கள். ஆனால் 1967 முடிய மத்திய அரசின் ஸ்டாம்பு வரி இருந்தது. 1955இல் விகிதம் 500 டாலருக்கு 55 சென்ட். பதிவுப் பிரதியின் ஓரத்தில் ஸ்டாம்பு மதிப்பைக் குறித்திருந்தால் போதும். 11 டாலர் என்றால் பத்தாயிரம் டாலர் கிரயம். ஒரு ஓட்டை உண்டு: பழைய அடமானத்தோடு வாங்கினால் அந்தத் தொகைக்கு வரி கிடையாது, எனவே கணக்கில் வருவது மீதி மட்டும். 1967க்குப் பிறகு கொலராடோவின் சொந்தப் பதிவுக் கட்டணம், 100 டாலருக்கு ஒரு சென்ட்.

2016இல் லெட்வில் நகராட்சி கட்டடத்தை வாங்கியது. அரசு அமைப்புக்கு மாறும் சொத்துக்கு அந்த ஒரு சென்ட் கட்டணமும் விலக்கு, எனவே கடைசிக் கிரயத்தின் விலையைக் கட்டணத்தை வைத்துக் கணக்கிட முடியாது, நகரமன்றப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். டென்வரில் டேபர் 1881இல் கட்டிய இன்னும் பெரிய அரங்கத்துக்குப் பதிவேடு பார்க்கும் வேலைகூட இல்லை, அதை 1964இல் இடித்துவிட்டார்கள்.

பரணில் ஏறிய தட்டிகள் மட்டும் பாக்கி. சட்டப்படி தரையோடு முடுக்கிய நாற்காலி கட்டடத்தோடு சேர்ந்தே கைமாறும். சுருட்டிவைத்த திரையும் சாய்த்துவைத்த தட்டியும் அசையும் பொருள், அவற்றுக்குத் தனி விற்பனைச் சீட்டு வேண்டும். நடைமுறையில், பெரிய தட்டியைக் குறுகிய படிக்கட்டில் இறக்குவது யாருக்கும் லாபமில்லை. எனவே வெஸ்டன் வாங்கியபோதும் எல்க்ஸ் இருந்தபோதும் ஹோலிஸ்டர் வந்தபோதும் அவற்றை யாரும் வெளியே கொண்டுபோகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வண்ணம் தீட்டிய காடுகளும் அரண்மனை அறைகளும் இன்னும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன.